தூள் பாதி, வாய் பாதி

அகப்பை பிடிக்கும் உத்தியோகத்தில் ஓய்வுநாள் கிடையாது. சாப்பிட்டவருக்கு வயிறு நொந்தால் விசாரணை மட்டும் உண்டு. புருசனின் வயிற்றுக்குப் பதில் சொல்லும் பொறுப்பில் இருக்கும் சகோதரிகளே, உங்களுக்கு இது புதிதல்ல. கறி ருசித்தால் அவருக்கு நல்ல நாக்கு. வயிறு நொந்தால் எங்களுக்குக் கெட்ட கை. நான் ஜேர்மனியில், வுப்பர்டாலில் இந்த வேலையில் தலை நரைத்தவள். போன வருடம் என் வீட்டுக்காரருக்கு வயிற்றில் புண் வந்தது. புண் வளர்ந்த வேகத்தைவிட எனக்கு எதிரான வழக்கு வேகமாக வளர்ந்தது.

குற்றச்சாட்டு

இவருக்கு இரும்புச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஒருநாள் தொங்கு ரயிலில் வரும்போது கம்பியைப் பிடித்தபடி இரண்டாக மடிந்து நின்றிருக்கிறார். ஊன்றுகோலோடு இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி எழும்பி இவருக்கு இடம் கொடுத்தாளாம். வீட்டுக்கு வந்து, நோவைப் பற்றி ஒரு சொல் இல்லை, கிழவி இடம் கொடுத்த வெட்கத்தைத்தான் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். செய்தி இரண்டு தெரு தள்ளியிருக்கும் பூமணி மச்சாளுக்குப் போய்விட்டது. இவருடைய மூத்த அக்கா. தனியாக இருக்கிறவ. தம்பியின் உடம்பு இன்னும் தன் பொறுப்பில்தான் இருக்கிறது என்று நம்புகிறவ.

எனக்கு இந்த வழக்குப் பழக்கமானது. நான் யாழ்ப்பாணத்தில் கொன்வென்ரில் படித்துக்கொண்டிருந்தபோது என் அப்பாவுக்கும் இதே வயிற்றுப்புண் வருத்தம். அந்தக் காலத்து டொக்டர்மாருக்கு மூன்று எதிரிகள்: உறைப்பு, யோசனை, அமிலம். பால் குடிக்கவேண்டும், யோசிக்கக்கூடாது. அப்பா யோசிக்காமல் இருப்பதற்காக நாங்கள் வீட்டில் சத்தம் போட்டுச் சிரிக்கக்கூடாது. கடைசியில் அப்பாவின் இரைப்பையில் ஒரு பகுதியை டொக்டர்மார் வெட்டினார்கள். அம்மாவை ஊர் முழுவதும் சேர்ந்து வெட்டியது. நல்ல மனுசன், பெண்சாதியின் கைப்பக்குவத்தால் கெட்டார் என்றார்கள். அம்மா அதைச் சாகும்வரை நம்பினா.

அதனால் மச்சாள் என் குசினிக்குள் நுழைந்து, கறித்தூள் போத்தலைத் திறந்து, மூக்கருகில் பிடித்து, கண்ணை மூடியபோதே எனக்குத் தீர்ப்பு விளங்கிவிட்டது. போத்தலை மூடிவிட்டுச் சொன்னா: "தூள் பாதி, உம்மட வாய் பாதி, வசந்தி. என்ர தம்பியின்ர வயிறு இரண்டையும் எவ்வளவு காலத்துக்குத் தாங்கும்?"

வெள்ளைச் சாப்பாடு

சரி, இரண்டையும் நிறுத்திப் பார்ப்போம் என்று முடிவெடுத்தேன். இடியப்பமும் தேங்காய்ப்பால் விட்ட வெள்ளைச் சொதியும். கஞ்சி. அவித்த உருளைக்கிழங்கு. பச்சைமிளகாய் போடாத சொதியை நீங்கள் குடித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஆஸ்பத்திரிச் சுவரை நக்குவது போல இருக்கும். அதோடு என் வாயையும் பூட்டினேன். இவர் சப்பாத்தோடு விறாந்தைக்குள் வந்தாலும் பேசாமல் நின்றேன். கொன்வென்ரில் மதர் சுப்பீரியர் எனக்குப் பத்து வருடமாகச் சொல்லியும் நடக்காத காரியம் இது.

நோ குறைந்ததா? இல்லை. வெறும் வயிற்றில் கூடியது. சாப்பிட்டால் கொஞ்சம் அடங்கி, பிறகு திரும்பி வந்தது. கழுத்துப் பட்டி தளர்ந்தது. கன்னம் உள்ளே போனது. மச்சாள் மட்டும் வாராவாரம் வந்து சொதியைக் கரண்டியால் கிளறி, அடியில் எங்கேயாவது மிளகாய் ஒளித்துவைத்திருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போனா. எனக்கு உள்ளுக்குள் பயம் ஊறத் தொடங்கியது. மெலிகிற மனுசனைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சொல் ஞாபகம் வரும். அதை நான் வாயால் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவர் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்: "இஞ்சாரும், நோவைத் தாங்கலாம் போல கிடக்கு. நீர் கதைக்காமல் இருக்கிறதைத்தான் தாங்க ஏலாமல் கிடக்கு."

இவருக்கும் தெரிந்த சொல்

குடும்ப டொக்டர் ஒரு இளம்பெண். வெள்ளைக்காரி. குழாய் விட்டுப் பார்க்கவேண்டும் என்று வேறொரு இடத்துக்கு அனுப்பி, பிறகு எங்களைக் கூப்பிட்டா. சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண் இருக்கிறது, இரைப்பையிலும் அழற்சி இருக்கிறது, அங்கங்கே சதையை நுள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்றா. நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழாக்கினேன். இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்தும் இவருடைய டொச் மொழி தொழிற்சாலை வாசலோடு நின்றுவிட்டது. டொக்டரிடம் போனால் நான்தான் வாய்.

நுள்ளி எடுத்தது எதற்கு என்று நான் கேட்கவேண்டியிருந்தது. இவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே கேட்கவேண்டியிருந்தது. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, காலநிலை விசாரிப்பது போல, வேகமான டொச்சில், "Krebs ஆக இருக்குமா?" என்று கேட்டேன். டொக்டரும் கெட்டிக்காரி, முகம் மாறாமல், முடிவு வரும்வரை எதுவும் சொல்லமுடியாது, ஆனால் பார்த்த அளவில் அப்படித் தெரியவில்லை என்றா. நான் இவர் பக்கம் திரும்பி, "என்ன குளிசை தாறதெண்டு யோசிக்கினமாம்" என்று மொழிபெயர்த்தேன்.

இவர் தொப்பியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எங்களோட வேலை செய்த மூண்டு பேர் அந்தப் புற்றுநோயாலதான் செத்தவங்கள், வசந்தி. அந்தச் சொல் எனக்கும் தெரியும்."

பத்துக்குப் பத்து

முடிவு வந்த அன்று மச்சாளும் கூட வந்தா. காத்திருக்கும் அறையில் கைப்பையை மடியில் வைத்து, சாமி கும்பிடுவது போல இருந்தா. உள்ளே டொக்டர் முதல் வசனத்திலேயே புற்றுநோய் இல்லை என்றா. நல்லவேளை, நான் கதிரையில் இருந்தேன். இரண்டாவது வசனம்: இது ஒரு கிருமியின் வேலை. ஹெலிக்கோபக்டர் என்று பெயர். இரைப்பையில் குடியிருந்து அதன் காப்புச் சுவரைக் கெடுக்கும், அப்போது அமிலம் புண்ணாக்கும்.

நான் விடவில்லை. கொன்வென்ரில் விஞ்ஞானம் படிப்பித்த சிஸ்டர் பிரம்பால் கரும்பலகையைத் தட்டித் தட்டிச் சொன்னவ: இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் உயிர்வாழாது. சோதனையில் அதை எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கியவள் நான். டொக்டர் சிரித்தா. உங்கள் சிஸ்டர் மட்டுமல்ல, உலகமே அப்படித்தான் நம்பியது என்றா. என் அப்பாவின் வயிற்றை வெட்டிச் சில வருடங்களுக்குப் பின் அவுஸ்திரேலியாவில் இரண்டு டொக்டர்மார் இந்தக் கிருமியைப் பிடித்துக் காட்டினார்களாம். யாரும் நம்பவில்லை. அதில் ஒருவர் கிருமியைக் கரைத்துத் தானே குடித்து, வயிறு அழற்சி கண்டு, நிரூபித்தாராம். குடித்த பிறகுதான் தன் மனுசிக்குச் சொன்னாராம். அந்த மனுசியை நினைத்து எனக்கு நெஞ்சு எரிந்தது. ஊரார் அவளுடைய சமையலை என்ன சொல்லியிருப்பார்களோ!

கடைசியாக என் கேள்வியைக் கேட்டேன். மிளகாய்த்தூள்? என் கோபம்? டொக்டர் சொன்னா, இருக்கிற புண்ணில் உறைப்பு எரிக்கலாம், கவலை நோவைக் கூட்டலாம். ஆனால் இந்தப் புண்ணை உண்டாக்கியது நீங்களல்ல. நான் அதை இன்னொருமுறை, ஆறுதலாகச் சொல்லச் சொன்னேன். அம்மா போய்ப் பல வருடம். போய்ச் சொல்ல ஆளில்லை. அதனால் வெளியே வந்து மச்சாளிடம் சொன்னேன், ஒரு சொல் விடாமல். மச்சாள் கைப்பையின் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டே எழும்பினா: "டொச் டொக்டருக்கு எங்கட தூளைப் பற்றி என்ன தெரியும்?"

நல்ல குளிசை

மருந்து ஒன்றல்ல, ஒரு பட்டாளம். கிருமியைக் கொல்ல ஒன்று, அமிலத்தை அடக்க ஒன்று, அவற்றுக்குத் துணையாக இன்னொன்று. டொக்டர் மூன்று கட்டளை போட்டா. நோ போனாலும் முழுவதையும் போட்டு முடிக்கவேண்டும். வெளிக்குக் கறுப்பாகப் போகும், அது மருந்தின் நிறம், பயப்படவேண்டாம். தலைச்சுத்து, வியர்வை, களைப்பு எதுவும் வந்தால் உடனே வரவேண்டும். நான் கொன்வென்ரின் விடுதி மேற்பார்வையாளர் மாதிரி, சாமி அறை மணியை எடுத்து அடித்து அடித்துக் குளிசை கொடுத்தேன். விழுங்கியபின் வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். மனுசனுக்கு மானப் பிரச்சினை வந்துவிட்டது.

ஒரு கிழமை போவதற்குள் நோ விட்டது. முகம் தெளிந்தது. அதோடு வேலைநேரமும் மாறியது. இவர் குளிசைப் பெட்டிகளை வேலைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நான் என்ன சின்னப்பிள்ளையே? அங்க நேரத்துக்குப் போடுவன்" என்று போனார். நானும் விட்டேன். அந்தக் கிழமை இவருடைய கூட்டாளி தவம் அண்ணை, மகள் பெரியபிள்ளையானதற்கு வைக்கும் சாமத்தியச் சடங்குக்குச் சொல்ல வந்தார். இருவரும் ஒரே தொழிற்சாலை, ஒரே இயந்திரம். தவம் அண்ணைக்கும் வருடக்கணக்காக காஸ்ரிக். சோடா குடித்து ஏவறை விட்டு அதை நடத்திக்கொண்டு போகிறவர். இவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துப் பெருமூச்சு விட்டார்: "அண்ணையின்ர முகத்தில வெளிச்சம் வந்திட்டுது, தங்கச்சி. எனக்கும் உப்பிடி ஒரு நல்ல குளிசை கிடைச்சால் காணும்."

ஒரே கறுப்பு

சடங்கு மண்டபத்தில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. பிள்ளையை மேடையில் ஏற்றிவிட்டார்கள். கழிப்பறைக்குப் போன இவர் திரும்பி வந்து என் பக்கத்தில் இருந்தார். வெளியே பனி, இவருடைய நெற்றியில் வியர்வை. முகம் சாம்பல். என்ன என்றேன். "ஒண்டுமில்லை. கறுப்பாத்தான் போகுது. அது குளிசைதானே, டொக்டர் சொன்னவதானே" என்றார். கையைப் பிடித்தேன். மீன் மாதிரிக் குளிர்ந்திருந்தது.

"நேற்றுப் போட்டனீங்களோ?" "போட்டனான்." "இண்டைக்கு?" "போட்டனான்." இரண்டு பதிலையும் மேடையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். என்னோடு வாழ்ந்த காலத்தில் இவர் பொய் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்ததில்லை. போட்டிருந்தால் அந்தக் கறுப்பு மருந்து. போடாவிட்டால் அது உள்ளே வடிந்து கறுத்துப்போன இரத்தம். இரண்டுக்கும் நடுவில் இந்த மனுசனின் ஒரு சொல் மட்டும் நின்றது, அதை நம்பமுடியவில்லை. "உண்மையைச் சொல்லுங்கோ!" என்றேன். பாட்டையும் மீறி என் குரல் கேட்டிருக்கவேண்டும். பின் வரிசையிலிருந்து மச்சாள், "சபையில வைச்சும் அவனைத் தின்னாதையும்!" என்றா. இவர் எழும்பப் பார்த்தார். சரிந்தார். மேசைவிரிப்பைப் பிடித்தார், பலகாரத் தட்டு கவிழ்ந்தது. நான் தரையில் இருந்து இவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு, "குளிசை எங்க?" என்று கத்தினேன். மூடிவைத்த வாய் அன்றைக்குத்தான் முழுதாகத் திறந்தது.

பாட்டு நின்றது. மேடையிலிருந்து பட்டுவேட்டியோடு தவம் அண்ணை ஓடி வந்து எங்கள் முன்னால் குந்தினார். கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தைத் தரையில் வைத்தார். "தங்கச்சி, அந்தக் குளிசை எல்லாம் போன கிழமையே என்னட்டை வந்திட்டுது. எனக்கும் நோ எண்டு அண்ணை இரக்கப்பட்டுத் தந்தவர். அவருக்கும் முதுகு நோவெண்டு நான் பதிலுக்கு என்ர முதுகுநோக் குளிசையைக் குடுத்தனான்."

யார் கையில்

எங்கள் ஆட்களிடையே குளிசை கறிவேப்பிலை மாதிரிக் கை மாறும். "எனக்கு நல்லாக் கேட்டது, நீங்களும் ஒருக்காப் போட்டுப் பாருங்கோ" என்பது எங்கள் உபசாரம். அப்படித்தான் என் புருசன் பாதி செத்த கிருமியையும் ஆறாத புண்ணையும் தன்னிடம் வைத்துக்கொண்டு, மருந்தைத் தானம் செய்திருந்தார். அமிலத்தை அடக்கும் குளிசையும் போய்விட்டது. பதிலுக்கு வந்த முதுகுநோக் குளிசை, புண்காரர் தொடவே கூடாத சாதி; அது புண்ணை இன்னும் தோண்டியிருக்கிறது. அம்புலன்சில் இவருடைய இரத்த அழுத்தத்தைப் பார்த்த பெடியன் சாரதியிடம் ஒரே சொல்தான் சொன்னான், வண்டி பறந்தது.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டு இரத்தம் வடிந்த இடத்தைக் கவ்வி மூடினார்கள். இரத்தம் ஏற்றினார்கள். வெளியே நானும் மச்சாளும் அடுத்தடுத்த கதிரையில் இருந்தோம். இருவரும் சடங்குச் சேலையோடு. மச்சாள் தூளைப் பற்றிக் கதைக்கவில்லை. என் வாயைப் பற்றியும் கதைக்கவில்லை. கதவு திறக்கும் ஒவ்வொரு தரமும் என் முழங்கையைப் பிடித்தா, மூடியதும் விட்டா. அந்தப் பிடி பழைய ஏச்சைவிட எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது. ஏசுகிற மச்சாளை எனக்குப் பழக்கம். பேசாத மச்சாள் என்றால், என்னைப் போலவே தானும் அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று நினைக்கிறா.

மறுநாள் பெரிய டொக்டர் கட்டிலடிக்கு வந்தார். குரலை உயர்த்தாமல் திட்டத் தெரிந்த மனுசன். பாதியில் விட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும், இனி வேறு மருந்து, இன்னும் பெரிய பட்டாளம், ஒரு குளிசைகூட வேறு வாய்க்குள் போகக்கூடாது என்றார். கூட்டாளியையும் தன் டொக்டரிடம் போய்ப் பரிசோதிக்கச் சொன்னார். பிறகு, இந்தமுறை மருந்து யாருடைய பொறுப்பில் இருக்கும் என்று கேட்டார். நான் கேள்வியை மொழிபெயர்த்தேன். இவர் தலையணையிலிருந்து விரலை மட்டும் தூக்கி என்னைக் காட்டினார்: "உம்மட கையில குடுக்கச் சொல்லும். உமக்குத்தான் இரக்கமில்லை."

ஊதல்

இரக்கமில்லாமல் கொடுத்து முடித்தேன். மணி, தண்ணீர், குளிசை, வாயைத் திற. தவம் அண்ணையின் வீட்டுக்கும் போன் எடுத்து, அவர் தன் மருந்தைத் தானே போடுகிறாரா என்று அவருடைய மனுசியிடம் விசாரித்தேன். அவவும் இப்போது ஒரு மணி வாங்கியிருக்கிறா. மருந்து முடிந்து சில கிழமை விட்டு மூச்சுப் பரிசோதனை. ஒரு குழாயில் ஊதவேண்டும், எதையோ குடிக்கவேண்டும், திரும்ப ஊதவேண்டும். கிருமி இருந்தால் மூச்சிலேயே தெரியுமாம். இத்தனை பாடும் ஒரு ஊதலில் வந்து நின்றது. இவர் பிறந்தநாள் மெழுகுதிரி அணைப்பவர் போல ஊதினார். நான் இரண்டு நாள் நித்திரையில்லாமல் தொலைபேசியைச் சுற்றி வந்தேன். குடும்ப டொக்டர் போன் எடுத்தபோது அடுப்பில் தூளுக்கு மல்லி வறுத்துக்கொண்டிருந்தேன். கிருமி இல்லை என்றா. மல்லி கருகிவிட்டது. பரவாயில்லை.

டொக்டர் இன்னொன்றும் சொன்னா. இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயதில், ஒரே வீட்டில், ஒரே கையால் உண்டவர்களுக்குள் தொற்றுமாம். கூடப்பிறந்தவர்களுக்கு வயிற்றுக்கோளாறு உண்டா என்று கேட்டா. அதைப் போய் நான் கேட்டபோதுதான், வருடக்கணக்காக ஓமத்தண்ணி குடித்து மறைத்துவைத்த நோ ஒன்று தனக்கும் இருப்பதாக மச்சாள் வாயைத் திறந்தா. பரிசோதித்தார்கள். இருந்தது. தனியாக இருக்கிற மனுசி. அவித்த மரக்கறிதான் சாப்பாடு. ஏச ஒரு ஆள் வீட்டில் இல்லை. ஆனாலும் அதே கிருமி, அதே குளிசை. மணியோடு நான்தான் போனேன். தண்ணீரைக் கையில் கொடுத்து, நெடுநாள் காத்திருந்த கேள்வியைக் கேட்டேன்: "உங்களுக்கு ஆர் மச்சாள் தூள் போட்டது? ஆர் ஏசினது?"

மச்சாள் குளிசையை விழுங்கி, நான் கேட்காமலே வாயைத் திறந்து காட்டி, மூடி, பிறகு சொன்னா: "எனக்கு வந்தது வெறும் கிருமி, வசந்தி. தம்பிக்கு வந்தது கிருமியும் நீரும்."

விஞ்ஞானம் மனதை மாற்றிக்கொள்ளச் சில வருடம்தான் எடுத்தது என்பதை நினைக்கும்போது, என் மச்சாளோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு அவசரக்காரர் கூட்டம் என்று விளங்குகிறது.